சாமந்தி கட்டிய மாடுகள்

கன்னம்பாக்கம், சத்தியவேடு
1960 மே 8

தம்பி சின்னப்பனுக்கு, அண்ணன் நாகையா சொல்லச் சொல்ல ஏகாம்பரம் வாத்தியார் எழுதுவது.

திருத்தணியை மெட்ராஸுக்குக் கொடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக நம்மை ஆந்திராவுக்கு எடுத்துக்கொண்ட வருஷம் இது. மாடுகளுக்கு வாயிலும் குளம்பிலும் புண் வந்து காலனியில் பாதித் தொழுவம் காலியானதும், காளஹஸ்தி ஆற்றில் மாசி மாதத்தில்கூடத் தண்ணீர் ஓடியதும் இதே வருஷம்தான். ஏப்ரல் முதல் தேதி நாங்கள் பாயிலிருந்து எழுந்தபோது செங்கல்பட்டு ஜில்லா போய் சித்தூர் ஜில்லா ஆகியிருந்தது. யாரும் ஒரு சட்டி பானையைக்கூட நகர்த்தவில்லை. பஸ்ஸில் பலகை மாறிவிட்டது, பள்ளிக்கூடத்தில் பலகை மாறிவிட்டது. உன் அண்ணி செங்கம்மா என்னிடம் கேட்டாள், "இன்னா, எழுத்தெல்லாம் மாத்திட்டாங்களாமே, நீ எப்பிடிப் பஸ்ஸு ஏறுவே?" நான் சொன்னேன், "எனக்கு அந்த எழுத்தும் தெரியாது, இந்த எழுத்தும் தெரியாது. டிரைவரு மூஞ்சி மாறாத வரைக்கும் எனக்குக் கவலை இல்ல." வாத்தியார் சிரித்துக்கொண்டே எழுதுகிறார்.

இனி சிரிக்காத விஷயம். உன் கடிதத்தை வாத்தியார் இரண்டு தடவை படித்துக் காட்டினார். அணை உடைந்து தண்ணீர் வந்ததையும், உன் பெண்சாதியும் அவளைப் பெற்றவர்களும் பீச்சுப் பழத் தோட்டத்து வீட்டோடு போய்விட்டதையும் கேட்டு செங்கம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். பார்க்காத ஆளுக்கு அழுதாள். அந்த லூசி அம்மா நம் வீட்டு மருமகள் அல்லவா.

உன் பெண் தெரேஸ், அம்மா பக்கத்தில் யாருமே இல்லாமல் போய்விட்டேன் என்று சொல்லி அழுகிறாள் என்று எழுதியிருந்தாய். நம் பக்கத்தில் நான் இருக்கிறேன் என்று சொல். நைனாவும் அம்மாவும் ஒரே வாரத்தில் விஷக்காய்ச்சலில் போனபோது மணியம்மா அக்கா உன்னைக் கையைப் பிடித்துப் புதுச்சேரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். நான் பெரிய வீட்டில் படியாளாக இருந்ததால் உன்னோடு வர விடவில்லை. நீ ஏரிக்கரை திரும்பும்வரை என்னைப் பார்த்துக்கொண்டே போனாய். நீ அன்றைக்குப் போட்டிருந்த துணி, நைனாவின் வேட்டியைக் கிழித்துச் சுற்றியது. எனக்கு எதுவும் மறக்காது.

பெண்ணைக் கூட்டிக்கொண்டு வா. பொங்கலுக்கு வா. பெரியநைனா எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அதனிடம் சொல். அது களி தின்னுமா? எழுது.

நாகையா

---

பிரெஜூஸ், பிரான்ஸ்
1960 ஜூலை 16

அண்ணா,

உன் கடிதத்தைத் தெரேஸுக்குப் பிரெஞ்சில் சொன்னேன். "பெரியநைனா" என்ற வார்த்தையை மட்டும் தமிழிலேயே சொல்லச் சொன்னாள். இப்போது அதை வீட்டுக்குள் சொல்லிக்கொண்டு நடக்கிறாள். அவள் பழைய மாதிரி சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

முந்தாநாள் இங்கே தேசியத் திருநாள். அந்தக் காலத்தில் ஜனங்கள் திரண்டு ராஜாவின் சிறைக்கோட்டையை உடைத்த நாள். பட்டாளம் அணிவகுத்துப் போகும். சாயங்காலம் சதுக்கத்தில் விளக்குக் கட்டி, ரொட்டி சுடுகிறவன், டாக்டர், மேயர், மீன் விற்கிறவள் எல்லாரும் ஒரே இடத்தில் ஆடுவார்கள். இந்த வருஷம் ஆட்டம் வேண்டாம் என்று ஊர் முடிவு செய்தது. அணை கொண்டுபோன ஆட்களின் துக்கம் இன்னும் தீரவில்லை. மௌனமாக நின்றுவிட்டுக் கலைந்தோம். அணை உடைந்தபோது தேசம் முழுக்க எங்களுக்காகத் துணியும் பணமும் அனுப்பியது. வடக்கே பனி பெய்கிற ஊரில் சுரங்கம் தோண்டுகிறவர்கள், எங்களை யாரென்றே தெரியாதவர்கள், தங்கள் ஒருநாள் கூலியைக் கொடுத்தார்கள். நான் சேற்றைத் தோண்டினேன். லூசியை நான் கண்டெடுத்தேன். அதற்குமேல் எழுத மாட்டேன்.

இங்கே ஒவ்வொரு ஊரிலும் நகரசபைக் கட்டடத்தின் நெற்றியில் மூன்று வார்த்தை வெட்டியிருப்பார்கள். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம். பட்டாளத்துக்கு வந்த புதிதில் நான் அதைத் தினம் படிப்பேன். எனக்குக் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டபோது நைனா பெயரைக் கொடுத்தேன். அதனால் என் பெண் பள்ளிக்கூடத்தில் "தெரேஸ் கங்கையா". கன்னம்பாக்கத்தில் நைனாவை யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டதுண்டா? "ஏய்" என்றுதானே கூப்பிடுவார்கள். இங்கே வாத்தியாரம்மா தினம் வரிசையில் அந்தப் பெயரைக் கூப்பிடுகிறாள், என் பெண் எழுந்து நிற்கிறாள்.

கப்பலுக்கு எழுதிவிட்டேன். பொங்கலுக்கு வருகிறோம். களி தின்பாள். நான் சொல்லிக் கொடுக்கிறேன்.

சின்னப்பன்

---

ரேணிகுண்டா
1960 நவம்பர் 20

தம்பி சின்னப்பனுக்கு அண்ணன் நாகையா.

இந்தக் கடிதத்தின் எழுத்து வேறாக இருப்பதைப் பார்த்துப் பயப்படாதே. ரேணிகுண்டா ஸ்டேஷனுக்கு வெளியே மரத்தடியில் கடிதம் எழுதிக் கொடுக்கிற கன்னையா என்பவர் எழுதுகிறார். ஏகாம்பரம் வாத்தியார் நல்லவர்தான். ஆனால் அவரும் நம் ஊரிலேயே இருக்கிறவர். இதை அவர் கையால் எழுத வைக்க எனக்கு நாக்கு எழவில்லை. இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறேன்.

பெரிய வீட்டு ஆதிநாராயணன் ஐயா என்னைக் கூப்பிட்டார். நீ வருவது ஊர் முழுக்கத் தெரியும். போஸ்ட்மேன் உன் தபால்தலையைத் தெருவெல்லாம் காட்டிக்கொண்டுதான் வருவான்.

"இன்னாடா நாகையா, உன் தம்பி பிரெஞ்சுக்காரனா வர்றானாமே?"

"ஆமாங்க ஐயா."

"நம்ம வூட்டுக்கே வரட்டும். கூடத்துல நாற்காலி போட்டு உக்கார வெக்கிறேன். பட்டாளத்துல மெடல் வாங்கினவன். புதுசா வந்திருக்கிற தாசில்தாரு கூட அன்னிக்கி வர்றாரு, பாக்கட்டும். ஆனா ஒண்ணு. நீ எப்பவும்போல வெளியில மாட்டுகிட்ட நின்னுக்க. அண்ணன் தம்பிங்கிற பேச்சு கூடத்துல வேணாம். அவன் இப்ப வெள்ளைக்காரன் மாதிரி, அவனுக்கு ஜாதி இல்ல. உன்ன உள்ள வுட்டா நாளைக்கிக் காலனி மொத்தமும் உள்ள வரும். புரியுதா?"

"சரிங்க ஐயா" என்றேன். சொல்ல ஒரு மூச்சு நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை தம்பி. அந்த அவசரம்தான் எனக்கு இன்றுவரை குத்துகிறது.

கோபப்படாமல் கேள். நைனா அந்த வீட்டு வாசற்படிக்கு மேல் கால் வைத்ததில்லை. இத்தனை வருஷம் அவர்கள் வண்டியை ஓட்டிக்கினு இருக்கிற நானும் வைத்ததில்லை. நம் வீட்டில் பிறந்த ஒருத்தன் அந்தக் கூடத்தில், நாற்காலியில், முதுகைச் சாய்த்து உட்காருவதை நான் ஒரு தடவை பார்க்கணும். அதற்கு நான் வெளியே நிற்கணும் என்றால் நிற்கிறேன். நின்று பழக்கம்தான்.

பெண்ணிடம் பெரியநைனா திருமலைக்கு வேண்டுதலுக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவிடு. பஸ் நிற்கிற இடத்துக்கு வண்டி கொண்டுவருகிறவன் நானாக இருப்பேன். நீ என்னை வண்டிக்காரனாகவே வைத்துக்கொள். பெரிய வீட்டு விருந்து முடிந்த பிறகு எப்படியாவது பெண்ணைக் காலனிக்குக் கூட்டிக்கொண்டு வா. அங்கே சொல்லிக்கொள்ளலாம்.

இது தப்பு என்று உனக்குத் தோன்றினால் எழுது.

நாகையா

---

புதுச்சேரி
1961 ஜனவரி 9

அண்ணா,

கப்பலில் வரும்போது உனக்கு ஒரு பதில் எழுதினேன். அந்த நாற்காலியில் உட்கார நான் கடல் தாண்டி வரவில்லை, நேராக உன் குடிசைக்குத்தான் வருவேன் என்று எழுதினேன். நன்றாக எழுதியிருந்தேன். பிறகு கிழித்துக் கடலில் போட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். நான் தெரேஸிடம் உன்னைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறேன். ஓட்டு வீடு என்று சொல்லியிருக்கிறேன். சொந்த மாடு, சொந்த வயல், ஊரில் எல்லாரும் உன்னைக் கேட்டுத்தான் நடப்பார்கள் என்று சொல்லியிருக்கிறேன். லூசியிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தேன். முதலில் காதலுக்காகச் சொன்ன பெருமை. அப்புறம் அதை எடுக்க முடியவில்லை. தெரேஸ் அதைப் பள்ளியில் கட்டுரையாக எழுதி எல்லாருக்கும் படித்துக் காட்டினாள்.

நீ என்னிடம் கேட்டதை நான் உனக்காக ஒப்புக்கொள்கிறேன் என்று நினைத்துவிடாதே. எனக்கும் அது சௌகரியமாக இருக்கிறது. உண்மை அதுதான்.

நீ சொன்னபடியே ஆகட்டும். திருமலை என்று சொல்கிறேன். பதினைந்தாம் தேதி காலை பஸ்ஸில் சத்தியவேட்டில் இறங்குவோம்.

சின்னப்பன்

---

ரேணிகுண்டா
1961 பிப்ரவரி 12

தம்பி சின்னப்பனுக்கு அண்ணன் நாகையா. எழுதுகிறவர் கன்னையாதான்.

கப்பலேறியிருப்பாய் என்று கணக்குப் போட்டு, நீ வீடு சேரும்போது இது உனக்கு முன்னால் இருக்கட்டும் என்று எழுதுகிறேன். எனக்கு இரண்டே விஷயம் தெரியணும். அதற்கு முன்னால் நான் பார்த்ததை வரிசையாகச் சொல்கிறேன், தப்பிருந்தால் திருத்து.

அன்றைக்கு மாட்டுப் பொங்கல். விடிவதற்குள் மாடுகளைக் கழுவி, கொம்புக்கு வண்ணம் அடித்து, கழுத்தில் மஞ்சள் சாமந்தி மாலை கட்டினேன். என் கையால் கட்டியது. என் தம்பி மகள் ஏறப்போகிற வண்டி என்று நுகத்தடிக்கும் சுற்றினேன். பஸ்ஸிலிருந்து முதலில் அது இறங்கியது. நைனா சாயல் அப்படியே நெற்றியில் இருக்கிறது. வண்டியைப் பார்த்து ஓடிவந்தது, மாட்டைத் தொடப் போனது, மாலையைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டது. முகம் சாம்பலாகிவிட்டது. உன்னிடம் ஏதோ கேட்டது. நீ "ஏறும்மா" என்கிற மாதிரி ஏதோ சொன்னாய். நான் தார்க்குச்சியை எடுத்துக்கொண்டு முன்னால் திரும்பிக்கொண்டேன்.

பெரிய வீட்டு வாசலிலும் சாமந்தித் தோரணம். உனக்கு ஐயா சாமந்தி மாலை போட்டார். நீ உட்கார்ந்தாய் தம்பி. கோட்டும் மெடலுமாக, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தாய். ரத்தினம்மா, அந்த வீட்டு அம்மா, உனக்கு வெள்ளி டம்ளரில் காப்பி கொடுத்தார்கள். தாசில்தார் எழுந்து உன்னிடம் கை கொடுத்தார். மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாக நான் பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

அப்போது அந்தப் பிள்ளை மறுபடியும் உன்னிடம் ஏதோ கேட்டது. நீ தலையைக் குனிந்தாய். உடனே அது இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதது. ரத்தினம்மா ஓடிவந்து அதை அணைத்துக்கொண்டார்கள். அம்மா நினைப்பு வந்திருக்கும் என்று நான் நினைத்தேன். முதல் கேள்வி இதுதான். ஏன் அழுதது?

காலனிக்கு நீ வரவில்லை. பெண்ணுக்கு உடம்பு சரியில்லை, நேராகப் பஸ்ஸுக்கு விடு என்று ஐயா சொல்லி அனுப்பினார். செங்கம்மா காலையிலிருந்து சேவல் அடித்துக் குழம்பு வைத்து, களி கிண்டி, தெருவையே கூட்டிப் பெருக்கிக் காத்திருந்தாள். நான் வெறும் வண்டியோடு திரும்பியதைப் பார்த்தாள். "உன் தம்பிக்கு வெள்ளி டம்ளரு, உனக்கு மாட்டுக் கவுறு. நல்லாத்தான் பங்கு பிரிச்சிக்கினீங்க அண்ணனும் தம்பியும்," என்றாள். களியை அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டாள். டீக்கடையில் சந்திரன் எனக்குக் கொட்டாங்குச்சியில் டீ ஊற்றிக்கொண்டே, "இன்னா பெர்சு, உள்ளாற நாற்காலி சும்மா கெடந்துதாமே, உன்ன கூப்புடலியா?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஊர் முழுக்கத் தெரியும் தம்பி, நான் உன் அண்ணன் என்று. தெரியாத ஒரே ஆள் உன் பெண்.

இரண்டாவது கேள்வி. பஸ் ஏறும் முன்னால் அது என் எதிரே வந்து நின்றது. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே உன்னிடம் ஏதோ சொன்னது. நீ ஒரே ஒரு வார்த்தை சொன்னாய். அது என் மணிக்கட்டைப் பிடித்தது, பிடித்துவிட்டுப் போய் ஏறிக்கொண்டது. நீ என்னிடம் "வரேம்பா" என்றாய், வண்டிக்காரனிடம் சொல்கிற மாதிரி. நான் அப்படித்தானே சொல்லிக் கொடுத்திருந்தேன். சரி.

அது என்ன சொன்னது? நீ சொன்ன அந்த ஒரு வார்த்தை என்ன?

நாகையா

---

ரேணிகுண்டா
1961 ஆகஸ்ட் 27

தம்பி சின்னப்பனுக்கு அண்ணன் நாகையா.

பதில் இல்லை. கன்னையா, "பெரியவரே, கடுதாசி வழியில தொலைஞ்சிருக்கும்" என்கிறார். அவர் நல்ல மனுஷர், அப்படிச் சொல்கிறார். உன் கையெழுத்து போட்ட ஒன்று வரும்வரை நான் இங்கே வந்துகொண்டிருப்பேன்.

நீ சௌகரியமாக இருக்கிறாயா, அதையாவது எழுது.

நாகையா

---

பிரெஜூஸ்
1961 நவம்பர் 3

அண்ணா,

உன் இரண்டு கடிதமும் வந்தன. இரண்டும் என் மேஜையில்தான் இருக்கின்றன.

போன வாரம் பட்டாளக் குடியிருப்புக்குப் பக்கத்திலுள்ள காப்பிக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். அங்கே என்னை எல்லாருக்கும் தெரியும், பட்டாளத்துப் பதவியைச் சொல்லி "சார்ஜாந்த்" என்று கூப்பிடுவார்கள். ஓர் அல்ஜீரியாக்காரன் வந்தான், கொத்து வேலை செய்கிறவன், சுண்ணாம்பு படிந்த கை. அவர்கள் நாட்டில் இப்போது இவர்களோடு சண்டை நடக்கிறது. இந்தத் தெருவில் பலர் வீட்டுப் பையன்கள் அங்கே பட்டாளத்தில் இருக்கிறார்கள். அவன் காப்பி கேட்டான். கடைக்காரன், "உனக்கு இங்கே இல்லை" என்றான். அவன் சத்தம் போடவில்லை. கடையில் நிறம் கறுத்தவன் நான் ஒருத்தன்தான். என்னைத்தான் பார்த்தான். கோட்டில் என் மெடல் ரிப்பன் இருந்தது. நான் என் கோப்பைக்குள் பார்த்தேன். அவன் போய்விட்டான். கடைக்காரன் எனக்கு இன்னொரு காப்பி ஊற்றினான். நான் குடித்தேன்.

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இனியும் எழுதாமல் இருந்தால் எனக்கு வாயே இல்லை என்று ஆகிவிடும்.

அண்ணா, இந்தத் தேசத்தில் சாமந்தி சாவுக்கு உரிய பூ. வேறு எதற்கும் தொட மாட்டார்கள். நவம்பர் முதல் தேதி எல்லாரும் சாமந்தித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லறைக்குப் போவார்கள். இறந்தவர்களைப் பார்க்கிற நாள் அது. கல்யாண வீட்டுக்கு யாராவது சாமந்தி கொண்டுபோனால் வெளியே துரத்துவார்கள். அம்மாவின் சவப்பெட்டி மேல் சாமந்தியைப் பார்த்த பெண், பெரியநைனா வீட்டுக்கு என்று ஓடிவந்து, மாட்டுக் கழுத்திலும் வாசலிலும் என் கழுத்திலும் அதையே பார்த்தாள். வண்டியில் ஏறும்போது அவள் கேட்டது, "யார் செத்துப்போனார்கள்?" இங்கே அது திருவிழாப் பூ என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் முடிந்தது. நீ முன்னால் உட்கார்ந்திருந்தாய், உன் முதுகை என்னால் பார்க்க முடியவில்லை, அப்புறம் சொல்கிறேன் என்றேன்.

கூடத்தில் திருமலைக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். என் வாய் குழறியதிலேயே அது பொய் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டாள். "நைனா, உண்மையைச் சொல். பெரியநைனா இறந்துவிட்டாரா? அதனால்தான் எல்லா இடத்திலும் அந்தப் பூவா?" ஐயா பார்த்துக்கொண்டிருந்தார். தாசில்தார் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்றால் எங்கே என்று கேட்பாள். இதோ ஜன்னலுக்கு வெளியே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று நான் சொல்லணும். தலையைக் குனிந்தேன். நீ பார்த்தது அதைத்தான்.

பஸ் அருகில் அவள் சொன்னது இது. "இந்தத் தாத்தாவுக்கு உன் காதும் உன் தாடையும் இருக்கின்றன. உன் அண்ணனை இவருக்குத் தெரிந்திருக்குமா, கேள்." நான் சொன்ன ஒரு வார்த்தை, "தெரியாது."

நேற்று முன்தினம் நவம்பர் முதல் தேதி. லூசியின் கல்லறையில் தெரேஸ் இரண்டு தொட்டி வைத்தாள். ஒன்று அம்மாவுக்கு. இன்னொன்றில் ஒரு சீட்டு குத்தியிருந்தாள். அதில் உன் பெயர். எழுத்துக் கூட்டி அவளே எழுதியது. நான் பக்கத்தில் தொப்பியைக் கழற்றி நின்றேன்.

இப்போது சொன்னால் என்னை அவள் மன்னிக்க மாட்டாள். அவளுக்கு நான் ஒருத்தன்தான். எனக்கும் அவள் ஒருத்திதான். என்ன செய்யணும் என்று நீயே சொல் அண்ணா. சொல்லாமலே இருந்துவிடு என்றாலும் செய்கிறேன்.

சின்னப்பன்

---

கன்னம்பாக்கம், சத்தியவேடு
1962 ஜனவரி 21

தம்பி சின்னப்பனுக்கு அண்ணன் நாகையா.

உன் கடிதத்தை ரேணிகுண்டாவில் கன்னையா படித்தார். நடுவில் நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னாங்க, படிங்க" என்றேன்.

"எப்பிடிச் சொல்றதுன்னு தெரியல பெரியவரே. இதுல நீங்க செத்துப்போயிருக்கீங்க."

"எப்போ?"

"போன பொங்கலுக்கு."

"அப்படியா. அன்னிக்கி நான் வண்டி ஓட்டிக்கினு இருந்தேனே" என்றேன். அவர் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு மீதியைப் படித்தார். கண்ணாடி கிளாஸில்தான் வாங்கிக் கொடுத்தார். ஸ்டேஷனில் யாரும் யாரென்று கேட்பதில்லை.

ஊருக்குத் திரும்பிப் பத்துப் பதினைந்து நாள் முடங்கிக் கிடந்தேன். உன் மேல் கோபம் வந்தது. பெற்ற பிள்ளையிடம் கூடப்பிறந்தவனைச் சாகடித்தாயே என்று வாய்விட்டுத் திட்டினேன். செங்கம்மா கேட்டுக்கொண்டே முறம் தட்டினாள். அப்புறம் சொன்னாள், "அவரு தலைய மட்டுந்தான் குனிஞ்சாரு. குழி தோண்டி வெச்சது யாரு? ஐயா கேட்டதும் சரிங்கன்னு சொன்னது உன் வாயிதானே?" அவளிடம் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன். என்னை மறைக்கச் சொன்னது நான். நீ கொஞ்சம் அதிகமாக மறைத்துவிட்டாய். வித்தியாசம் அவ்வளவுதான். அந்த நாற்காலியில் உன்னைப் பார்க்க நான் ஆசைப்பட்ட ஆசைக்கு, அம்மாவைப் பறிகொடுத்த பிள்ளை இரண்டாவது தடவை அழுதது.

இந்தப் பொங்கலுக்குப் பெரிய வீட்டு வண்டியை நான் எடுக்கவில்லை. ஐயா ஆள் அனுப்பினார், நான் போகவில்லை. பிறகு அவரே காலனி முனைவரை வந்து நின்று கூப்பிட்டார்.

"இன்னாடா, திமிரா? ஆந்திரா வந்ததும் புதுச் சட்டம் படிச்சியா?"

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. நான் செத்து ஒரு வருசம் ஆச்சுங்களாம். செத்தவன் எப்பிடிங்க வண்டி ஓட்டுறது?"

அவருக்குப் புரியவில்லை. பின்னால் நின்றவர்களுக்கும் புரியவில்லை. நான் விளக்கிச் சொல்லவும் இல்லை. இனிமேல் எனக்கு அந்த வீட்டில் வேலை இல்லை, சத்தியவேட்டில் கல் உடைக்கப் போகிறேன். உடம்பில் இன்னும் கொஞ்சம் பலம் இருக்கிறது.

இந்தக் கடிதத்தை ரேணிகுண்டாவில் எழுதவில்லை, பார்த்தாயா? ஏகாம்பரம் வாத்தியார் எழுதுகிறார். பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்து சத்தமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தண்ணீர் எடுக்கப் போகிற பெண்கள் நின்று கேட்கிறார்கள். டீக்கடைச் சந்திரனும் வந்து நிற்கிறான், இன்றைக்கு எந்தக் கேலியும் பேசவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும். ஒளித்து ஒளித்துச் சொன்னபோதும் வெட்கமாகத்தான் இருந்தது.

அந்தக் காப்பிக் கடை விஷயத்துக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. உன் ஊர், உன் சட்டம், உன் மெடல். நெற்றியில் வெட்டியிருக்கிற மூன்று வார்த்தையை எனக்கு எழுதி அனுப்பினவன் நீ. அந்தக் கொத்தனாரை மறுபடியும் எங்கேயாவது பார்த்தால் என்ன செய்யணும் என்று உனக்கே தெரியும்.

பெண் விஷயத்துக்கு வருகிறேன். சொல்லாமலே இருந்துவிடு என்று நான் சொல்ல மாட்டேன். உன்னை மன்னிக்குமா என்று எனக்குத் தெரியாது. மன்னிக்காமல் போனாலும் அதற்குப் பெரியநைனா என்று ஓர் ஆள் கூடும். உனக்கு அது ஒருத்திதான் என்கிறாய். அதற்கும் நீ ஒருத்தன்தான் என்கிறாய். அதுதானே பொய், அதைத்தானே சொல்லணும்.

இதற்குக் கீழே இருப்பது தெரேஸுக்கு. நீ கூட்டாமல் குறைக்காமல் பிரெஞ்சில் படித்துக் காட்டு. படிக்கும்போது அதன் முகத்தைப் பார்த்துப் படி. கோப்பைக்குள் பார்க்காதே.

தெரேஸ் கண்ணு, உன் தாத்தா பெயரை நீ வைத்திருக்கிறாய். அந்த வீட்டில் யார் யார் இருந்தோம் என்று உனக்கு யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை. ஓட்டு வீடு கிடையாது, பனை ஓலைக் குடிசை. சொந்த மாடு கிடையாது. தாத்தா கங்கையா விஷக்காய்ச்சலில் போனார், வயலில் விழுந்து அங்கேயே போனார். ஆயா செல்லியம்மா மூன்றாம் நாள் போனாள், கடைசியாகத் தண்ணீர் கேட்டாள், நான் கொண்டுவருவதற்குள் ஆகிவிட்டது. உன் அத்தை மணியம்மா, உன் நைனாவை வளர்த்தவள், புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கின வருஷம் போனாள். எனக்கும் உன் நைனாவுக்கும் நடுவில் கங்கம்மா என்று ஒரு பெண் குழந்தை பிறந்தது, பெயர் வைத்த மறுநாள் போய்விட்டது. அதை இப்போது நினைத்துப் பார்க்கிற ஆள் உலகத்திலேயே நான் ஒருத்தன்தான். உன் நைனா சின்னப்பன் உன் எதிரில் உட்கார்ந்து இதைப் படித்துக்கொண்டிருக்கிறார். அவரைத் தவிர அந்தக் குடிசையில் பிறந்தவர்களில் இன்னும் உயிரோடு இருப்பவன் ஒருத்தன். அவன் மணிக்கட்டை நீ பிடித்தாய். உன் பெரியநைனா, நாகையா.